தாழ்ப்பாள் இல்லாத அருவி

வெயிலுகந்தபட்டியில் மழை வேண்டி யாரும் எந்தச் சாமி முன்னாலும் நின்றதில்லை, ஏனென்றால் அந்த ஊரில் பாதிப்பேர் தீப்பெட்டி செய்து பிழைத்தார்கள், மீதிப்பேர் கடலைமிட்டாய் செய்து பிழைத்தார்கள், இரண்டுக்கும் ஈரம் ஆகாது. ஊர் அம்மனுக்கே வெயிலுகந்தாள் என்றுதான் பெயர், அவளும் தனக்குக் கூரை போடவிடாமல் உச்சி வெயிலில் உட்கார்ந்து ஊரைக் காத்துவந்தாள். மற்ற ஊர்களுக்குப் போகிற மேகம்கூட இந்த ஊர் எல்லையில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுற்றுவழியில் போய்விடும். அப்பேர்ப்பட்ட ஊரில், மாடக்கண்ணு வீட்டுப் பாத்ரூமில் அருவி விழுந்தது. அருவியைக்காட்டிலும் அவனுடைய அக்காதான் பெரிய விஷயம் என்பதால் அக்காவிலிருந்தே தொடங்குகிறேன்.

மாடக்கண்ணு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகுக்குப் பதம் பார்ப்பவன். அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அக்கா ஆவுடைத்தங்கம். மதுரையில் வாக்கப்பட்டுப் போய் உடம்பும் குரலும் நன்றாகப் பெருத்து, நெற்றியில் பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டோடு பிறந்த வீட்டுக்கு வருவாள். காலைப் பஸ்ஸில் வந்து சாயங்காலப் பஸ்ஸில் போய்விடுவாள், ஒரு ராத்திரி தங்கமாட்டாள். தங்காதது போகட்டும், தம்பி வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டாள். சோறு சாப்பிடுவாள், ரசத்தை வேண்டாமென்பாள், சொம்பை நீட்டினால் "தாகமில்லலே" என்று சொல்லிவிட்டுக் காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொள்வாள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகவேண்டி வரும், அந்தப் பாத்ரூமுக்குள் இனிக் கால் வைப்பதில்லை என்று அவள் சபதம் எடுத்திருந்தாள். மாடக்கண்ணுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கூடப் பிறந்தவள் தண்ணீர் குடிக்காத வீடு என்ன வீடு?

பாத்ரூமின் லட்சணம் அப்படி. நாலு பக்கமும் பூசாத செங்கல், மேலே ஓட்டை விழுந்த சிமெண்ட் ஷீட், அடைத்துக்கொண்ட சாக்கடை, கதவென்ற பெயரில் எண்ணெய் டின்னை வெட்டி விரித்து அடித்த தகரம். வாசல் தெருவைப் பார்த்திருந்தது. தாழ்ப்பாள் கிடையாது, வெளியே காலடிச் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர் இருமவேண்டும் என்பது வீட்டுச் சட்டம், இருமல் வராதவர்கள் பாட்டுப் பாடலாம். ஒரு தேர்தல் சமயத்தில் ஆவுடைத்தங்கம் பாவாடையை மார்புக்கு மேலே கட்டிக்கொண்டு, தலை நிறைய சீயக்காயோடு நல்ல குரலில் பாடிக்கொண்டிருந்தபோது தகரக்கதவு கழன்று தெருவில் விழுந்தது. தெருவில் அப்போது வேட்பாளர் கொட்டும் மேளமுமாக வந்துகொண்டிருந்தார். விழுந்த கதவையும் நின்ற அக்காவையும் பார்த்து, பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் கூப்பி, "தாயே, உங்கள் பொன்னான வாக்கை" என்றார். அந்த வேட்பாளர் ஜெயித்துச் சேர்மன் ஆகிவிட்டார். அக்கா அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறியவள்தான், அதற்கப்புறம் ராத்தங்கவில்லை.

அம்மன் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் மாடக்கண்ணுவின் மனைவி முப்பிடாதி இடுப்பில் கை வைத்து நின்றாள். "இந்தக் கொடைக்காவது மதினி ராத்தங்கணும். சாமக்கொடை பாக்காம பொறந்த வீட்டுப் புள்ள போறது நமக்குத்தான் அசிங்கம். பாத்ரூமை மாத்துங்க."

"கையில ஒண்ணுமில்லையே, முப்பிடாதி."

"ஒண்ணுமில்லாததுலதான் மாத்தச் சொல்லுதேன். இருந்தா நானே மாத்தியிருக்க மாட்டனா?"

ஒண்ணுமில்லாததில் மாற்றுவது எப்படி என்று அந்த இரண்டு பேரிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இடித்துப்போட்ட பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தேக்குக்கதவு வந்தது, அதில் 'தலைமை ஆசிரியர்' என்று எழுதியிருந்தது, சுரண்டினால் கதவு போய்விடும் என்று அப்படியே விட்டார்கள். மூடிய சலூனிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி வந்தது, அதன் முன்னால் யார் நின்றாலும் தாமாகவே தாடையைத் தூக்கினார்கள். தரைக்கு உடைந்த மார்பிள் துண்டுகளை முப்பிடாதி கோலம்போல் பதித்தாள். சாக்கடையைச் சரிசெய்ய மட்டும் வழியில்லை, அதை அப்புறம் பார்ப்போம் என்றார்கள். சுவருக்கு டைல்ஸ் வேண்டுமே என்று கடைக்குப் போனால், கடைக்காரர் குடோனின் மூலையில் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"அருவிப் படம். ஒரு காலத்துல கல்யாண மண்டபம் முச்சூடும் இதத்தான் ஒட்டுனாங்க. இப்ப எல்லாவனுக்கும் சாம்பக் கலருல்ல வேணுங்கு. தூக்கிட்டுப் போங்க அண்ணாச்சி, எடம் காலியானாப் போதும்."

ஒட்டுவதற்கு மிக்கேல் கொத்தனார் வந்தார். சித்தாள் கூலி மிச்சமாகட்டும் என்று மாடக்கண்ணுவே சித்தாளாக நின்றான், தப்பும் அங்கேதான் நடந்தது. பெட்டியில் படம் மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தது: முதலில் வானம், பிறகு விழும் தண்ணீர், கடைசியில் பாறையும் தடாகமும். கொத்தனார்களோ கீழிருந்து மேலாகத்தான் ஒட்டுவார்கள். பாகுக்குப் பதம் பார்க்கிறவனுக்கு டைல்ஸின் பதம் எப்படித் தெரியும்? பெட்டியில் வந்த வரிசைப்படியே எடுத்து எடுத்துக் கொடுத்தான். மிக்கேல் கொத்தனார் வேலை செய்யும்போது மட்டம் பார்ப்பாரே தவிரப் படம் பார்க்கமாட்டார். முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தால் வானம் தரையோரம் முழங்கால் உயரத்தில் கிடக்கிறது, தடாகம் கூரையை ஒட்டி மேலே நிற்கிறது, நடுவில் அருவி.

"மட்டம் சுத்தமா இருக்கு" என்றார் கொத்தனார், நெடுநேரம் யோசித்துவிட்டு.

பிரித்தால் உடைந்துவிடும். சரி, தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறவர்கள் படத்தையா பார்க்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, புது அறை என்பதால் முப்பிடாதி உள்ளே அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினாள். பால் பொங்கியது. பொங்கிய அதே நேரத்தில் மேலே இருந்த தடாகம் விளிம்பு தட்டி வழிந்து, நடுவரிசை அருவியில் இறங்கி, ஜில்லென்று அவள் உச்சந்தலையில் விழுந்து, கீழே தரையோரம் இருந்த வானத்துக்குள் போய் மறைந்தது. தரையில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை.

முப்பிடாதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நல்லவேள, சாக்கடைக்குச் செலவழிக்கல" என்றாள்.

வானத்துக்குள் போன தண்ணீர் வானத்திலிருந்துதானே திரும்ப வரவேண்டும்? வந்தது. பால் பாத்திரத்தைக் கழுவுவதற்குள் தெருவில் சாரல் விழுந்தது. வெயிலுகந்தபட்டி ஆட்கள் சாரலைப் பார்த்ததில்லை, எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்று அண்ணாந்து திட்டினார்கள். பிறகு விஷயம் தெரிந்ததும் அருவி எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஆண்களுக்கு எந்த நேரம், பெண்களுக்கு எந்த நேரம் என்றுதான் கேட்டார்கள். மறுநாள் காலையில் எண்ணெய் தேய்த்த உடம்போடும் தோளில் துண்டோடும் தெரு நிறைந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் தென்காசிப் பக்கமிருந்து வந்து சாக்கு விரித்தார்கள், மிளகாய் பஜ்ஜிக்குக் கடை வந்தது, சீப்பும் சின்ன சோப்பும் விற்கிறவன் வந்தான், பஜ்ஜியை நம்பி இரண்டு குரங்குகள் பஸ் கூரையில் உட்கார்ந்து வந்து இறங்கின. மடித்துக் கட்டிய வேட்டியோடு வந்தவர்கள் கதவில் 'தலைமை ஆசிரியர்' என்று இருப்பதைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டு, "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டு நுழைந்தார்கள். தாழ்ப்பாள் இல்லாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வரிசையில் அடுத்து நிற்கிறவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் மெல்லப் பல விஷயங்களைத் தெரிந்துகொண்டது. யார் என்ன சோப்புப் போட்டுக் குளித்தாரோ அந்த வாசனையில்தான் சாரல் வரும் என்று தெரிந்தது. சோப்பே போடாமல் குளித்து வந்த டெய்லர் வேலவனின் சாரல் வெறும் கடலை எண்ணெயாக மணத்தபோது அவர் மனைவி தெருவிலேயே அவரை மறுபடி உள்ளே அனுப்பினாள், பேன் மருந்து வாசனையில் ஒரு தூறல் வந்தபோது ரேஷன் கடைக்காரர் வீட்டு அம்மாள் குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போனாள். இன்னொன்றும் தெரிந்தது. குளிக்கப் போகிற பெண்கள் நெற்றிப் பொட்டை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, வரும்போது மறந்துவிட்டு வருவது உலக வழக்கம்தானே. எக்கி எக்கி மேலே தடாகத்தில் ஒட்டிய சிவப்புப் பொட்டெல்லாம் சிவப்பு மீனாகி நீந்தின, கறுப்புப் பொட்டெல்லாம் தலைப்பிரட்டையாகி வாலாட்டின. "எம் பொட்டு கெண்டையாயிட்டு, ஒம் பொட்டு என்னட்டி ஆச்சு?" என்று கேட்டுக்கொள்வது பெண்களுக்குள் குசலம் விசாரிப்பதுபோல் ஆகிவிட்டது. மாடக்கண்ணு எல்லாவற்றையும் பார்த்து, அக்கா வந்து பார்த்தால் அசந்துபோவாள் என்று உள்ளுக்குள் குதித்தான்.

ஆனால் ஈரம் ஈரம்தானே. காயப்போட்ட தீக்குச்சி காயவில்லை. உரசினால் எரியாமல் தும்மியது. கடலைமிட்டாய் நமத்துப்போய், கடித்தால் உடையாமல் ரப்பராக இழுத்தது. ஒரு பெரியவரின் பல்செட் மிட்டாயோடு போய்விட்டது. அம்மன் சிலையின் தோளில் பச்சையாகப் பாசி படிந்ததைப் பார்த்தபோது ஊர் நிஜமாகவே பயந்தது. வெயிலுகந்தாளுக்குச் சளி பிடித்தால் அப்புறம் ஊருக்கு யார் இருக்கிறார்கள்?

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சேர்மன் எல்லோருக்கும் கை கூப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்தார். கம்பெனி முதலாளி இழுபட்ட மிட்டாயைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"மாடக்கண்ணு, நீ எங்கிட்ட பாகு பதம் பாக்குறவன். நீயே சொல்லு, இது மிட்டாயா, சவ்வா?"

"சவ்வுதான் முதலாளி."

"அப்ப அந்த டைல்ஸை ஒடச்சிர வேண்டியதுதான?"

பெண்கள் பக்கமிருந்து ஒரே கூச்சல் எழுந்தது. ஆனாலும் தீப்பெட்டியும் மிட்டாயும் இல்லாமல் சோப்பு வாங்குவது எப்படி என்று யாரோ கேட்டதும் கூச்சல் தணிந்தது. கொடைக்கு முன்னால் சுவரை உடைத்துவிடுவது என்று முடிவானது. மாடக்கண்ணு எழுந்து நின்றான். உடைத்தால் பழைய செங்கல் சுவர்தான், மறுபடி கட்ட வழியில்லை, அக்கா மறுபடி காய்ந்த உதட்டோடு பஸ் ஏறுவாள்.

"எங்கக்கா கொடையன்னைக்கு வருது. அது ஒரு தடவ குளிச்சதும் ஒடச்சுக்கிடுங்க. ஒரே ஒரு தடவ, சாமி."

அவன் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை என்பதால் ஒத்துக்கொண்டார்கள்.

கொடையன்று ஆவுடைத்தங்கம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது சந்தன சோப்பு வாசனையில் தூறிக்கொண்டிருந்தது. பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தவள் பஜ்ஜிக் கடையையும் குரங்கையும் துண்டு கட்டிய வரிசையையும் பார்த்து நின்றாள்.

"என்னலே இது? பொறந்த வீட்டுக்குள்ள போக வரிசையில நிக்கணுமாக்கும்?"

"ஒனக்காகத்தான்க்கா கட்டுனேன். ஊரு வந்து ஒட்டிக்கிட்டு" என்றான் மாடக்கண்ணு. முப்பிடாதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "வாங்க மதினி, குடிங்க."

"தாகமில்லட்டி" என்றாள் அக்கா, பாத்ரூம் வாசலை ஓரக்கண்ணால் பார்த்தபடி. ஆனாலும் பஸ்ஸில் வந்த அலுப்பும் அருவிச் சத்தமும் சேர்ந்து அவளைக் கொஞ்சம் இளக்கியிருக்கவேண்டும். மூட்டுவலிக்கு நின்று குளிக்க முடியாது என்று ஒரு முக்காலியை வாங்கிக்கொண்டு தலைமை ஆசிரியரைத் தள்ளித் திறந்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து ஆச்சரியப்படும் குரல் வருமென்று தெருவே காது கொடுத்தது.

"ஏலே, தாழ்ப்பா எங்க?"

மாடக்கண்ணு கதவை மேலும் கீழும் பார்த்தான். கதவு வந்தது, கண்ணாடி வந்தது, அருவியே வந்தது, ஒரு தாழ்ப்பாள் வாங்கவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! முப்பிடாதி தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்து நின்ற ஆள் வழக்கம்போல் கதவைப் பிடிக்க வந்தார், மாடக்கண்ணு அவரை விலக்கினான். வரிசையைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு, திரும்பி நின்று, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கதவை இழுத்துப் பிடித்து, முதுகைக் கொடுத்து நின்றான்.

"நான் பிடிச்சிருக்கேன்க்கா. நீ குளி."

உள்ளே முக்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது, இந்த முறை அதட்டல் இல்லாமல்.

"அன்னைக்குக் கதவு விழுந்துச்சே, அதுல எனக்கு வருத்தமில்லலே. தகரம், விழத்தான் செய்யும். நான் சீயக்காக் கண்ணைத் தொறந்து பாக்கேன், எந்தம்பி பக்கத்துலதான் நிக்கான். கதவத் தூக்கி மறைப்பான்னு பாத்தா, அந்த ஆளுக்குக் கும்புடு போட்டுக்கிட்டு நிக்கான். ரெண்டு கையும் அவனுக்குக் குடுத்துட்டா, எனக்கு எதுலே மிச்சம்?"

மாடக்கண்ணு இத்தனை வருஷமாக அக்காவுக்குக் கதவின் மேல்தான் கோபம் என்று நினைத்திருந்தான். முகம் நனைந்தது, சாரலென்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மேளம் கேட்டது. சுவரை உடைக்கச் சம்மட்டியோடு மிக்கேல் கொத்தனார் முன்னால் வர, முதலாளி பின்னால் வர, நடுவில் சேர்மன் இரண்டு பக்கமும் கும்பிட்டபடி வந்தார். மாடக்கண்ணுவின் எதிரில் வந்து நின்று, பழக்க தோஷத்தில் கைகளைக் கூப்பி, "வணக்கம் தம்பி" என்றார். சேர்மன் கும்பிட்டால் திருப்பிக் கும்பிடாத கை அந்த ஊரில் கிடையாது. மாடக்கண்ணுவின் கைகள் பின்னால் துடித்தன, விரல்கள் தாமாகப் பிரியப் பார்த்தன, முதலாளி கண்ணை உருட்டினார். அவன் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தாடையை மட்டும் லேசாக அசைத்தான்.

"யாருலே அது?" என்றது உள்ளே குரல்.

"சேர்மன்க்கா."

"கும்புடலையா?"

"கை வேலையா இருக்குக்கா."

உள்ளே ஆவுடைத்தங்கம் சிரித்த சிரிப்பு கதவின் வழியாக அவன் முதுகில் அதிர்ந்தது. சிரித்துக்கொண்டே, தலைக்கு ஊற்றிக்கொள்ளுமுன் எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: நெற்றியிலிருந்த பெரிய சிவப்புப் பொட்டை எடுத்துச் சுவரில் ஒட்டினாள். மற்றவர்கள் நின்று குளித்ததால் தடாகத்தில் ஒட்டினார்கள், இவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை எட்டிய இடத்தில் இருந்தது வானம்.

தெருவில் சட்டென்று வெயில் அடித்தது. சாரல் பாதி வழியில் நின்றுபோயிற்று. பஜ்ஜிக் கடையின் தார்ப்பாய் ஆவி விட்டது, குரங்குகள் கண்ணைக் கசக்கின, முதலாளி கையில் சுற்றியிருந்த மிட்டாய் படக்கென்று உடைந்தது. அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, "பதம் வந்துட்டு" என்றார். யாரோ ஒரு தீக்குச்சியை உரசினார்கள், தும்மாமல் எரிந்தது. அம்மன் தோளில் பாசி காய்ந்து உதிர்ந்ததாகக் கோயிலிலிருந்து ஆள் ஓடிவந்து சொன்னான். அருவி நிற்கவில்லை, ஒரு ஆள் நிம்மதியாகக் குளிக்கிற அளவுக்கு இளைத்து விழுந்தது. மிக்கேல் கொத்தனார் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, தான் ஒட்டிய மட்டத்தை உடைக்கவேண்டி வராததில் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆவுடைத்தங்கம் வெளியே வந்தாள். தெருவே தன்னைப் பார்த்து நிற்பதைக் கண்டுகொள்ளாமல் முப்பிடாதியிடம் கையை நீட்டினாள்.

"அந்தச் சொம்பக் குடுட்டி. தொண்ட காயுது."

அண்ணாந்து, ஒரே மூச்சில், கழுத்து நரம்பு ஏறி இறங்க, சொம்பு முழுவதையும் குடித்தாள். மாடக்கண்ணு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கதவிலிருந்து கையை எடுக்கவேண்டும் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. சாயங்காலப் பஸ் வந்து, ஹாரன் அடித்துக் காத்திருந்து பார்த்துவிட்டு அவளை ஏற்றாமல் போனது.

ஸ்டிக்கர் பொட்டின் பசை எத்தனை காலம் தாங்கும்? அவ்வப்போது அது நழுவும், நழுவினால் ஊரில் லேசாகத் தூறும். வேறு பெண்களின் பொட்டை ஒட்டிப் பார்த்தார்கள். முப்பிடாதியின் சின்னக் கல்பொட்டு வெறும் நட்சத்திரமாக மினுக்கிக்கொண்டு நின்றது, ஒரு குச்சியைக்கூடக் காயவைக்கவில்லை. அதனால் முதல் தூறல் விழுந்ததுமே முதலாளி மதுரைக்குத் தன் காரை அனுப்பிவிடுகிறார், ஆவுடைத்தங்கமும் புதுப்பொட்டு அட்டையோடு வந்து, வேண்டிய மட்டும் தங்கி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறாள். ஊர்ச் செலவில் நல்ல பித்தளைத் தாழ்ப்பாளாகப் போட்டுத் தருகிறேன் என்று சேர்மன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். மாடக்கண்ணு சரியென்று சொல்வதில்லை. அக்கா வந்தால் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுத் தலைமை ஆசிரியருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொள்கிறான்.

"ஏலே, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."